கணக்கும் அமானிதமும்: ஒரு மென்பொருள் எங்களுக்குக் கற்றுத் தந்தவை



சென்ற மாதம் ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாயிலில் நின்றிருந்தபோது, திருச்செங்கோட்டிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய தொழில் மூன்று ஊர்களுக்குப் பரவியிருக்கிறது. பழைய கணக்கு முறை போதவில்லை. கொள்முதல், கிடங்கு, விற்பனை, வசூல், சம்பளம் அனைத்தையும் ஒரே இடத்தில் இணைக்கும் பெரிய மென்பொருளை, ஈ.ஆர்.பி. என்று சொல்கிறார்களே அதை, வாங்க நினைக்கிறார். "நீங்க போட்டிருக்கீங்களே, எது நல்லது?" என்றார்.

எது நல்லது என்ற கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. எப்படிச் செய்தால் நிலைக்கும் என்பதற்கு ஓரளவு விடை இருக்கிறது. அதை நாங்கள் பெரும் விலை கொடுத்துக் கற்றோம். அந்த விலையில் பணம் ஒரு பகுதிதான். ஒரு நல்ல மனிதரின் மனம் நொந்ததே பெரிய பகுதி. அவரிடம் மன்னிப்புக் கேட்டு, அவருடைய சம்மதத்தையும் பெற்ற பிறகே இதை எழுதுகிறோம்.

எங்கள் தொழில்

எங்கள் அத்தா 1984-இல் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சிறு கடையில் லாரி உதிரிபாக வியாபாரத்தைத் தொடங்கினார். நாமக்கல்லும் சங்ககிரியும் லாரிகளுக்குப் பெயர்பெற்ற ஊர்கள். ஆகவே தொழில் அத்திசையில் வளர்ந்தது. இன்று நாங்கள் மூன்று சகோதரர்கள் சேர்ந்து நடத்துகிறோம். அலுவலகம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. கிடங்குகள் சேலம், நாமக்கல், சங்ககிரி ஆகிய மூன்று ஊர்களில் உள்ளன. பிரேக் லைனிங், பேரிங், யூ போல்ட், ஸ்பிரிங் பட்டை, கிரீஸ் என நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சரக்கு வகைகள்.

அத்தா ஒரு வழக்கத்தை ஒருபோதும் விட்டதில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஷஃபான் மாதத்தில் கிடங்கு முழுவதையும் கையால் எண்ணுவார். ரமலானில் ஜகாத் கொடுக்க வேண்டும். வியாபாரச் சரக்கின் மதிப்பு தெரியாமல் நாற்பதில் ஒரு பங்கை எப்படிப் பிரிப்பது? "கணக்குத் தப்பினால் ஏழையின் பங்கு நம் பெட்டியில் தங்கிவிடும்" என்பார். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதையும் அவர்தாம் எங்களுக்குச் சொல்லித் தந்தார்.

2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது டேலியைக் கொண்டே சமாளித்தோம். ஆனால் கிடங்குகள் மூன்றான பிறகு, நாமக்கல்லில் இருக்கும் சரக்கைச் சேலத்தில் மறுபடி கொள்முதல் செய்வது வாடிக்கையாகிவிட்டது. 2022-இல் பெரிய மென்பொருள் வாங்க முடிவு செய்தோம். அத்தா அதற்கு முன்பே இறைவனடி சேர்ந்துவிட்டார்.

நாங்கள் செய்த பிழைகள்

முதற்பிழை, மூன்று சகோதரர்களும் மூன்று விதமாகக் கட்டளையிட்டோம். கடன் வரம்பைத் தாண்டிய வாடிக்கையாளருக்கு பில் போடக்கூடாது என்றார் மூத்தவர். பழைய வாடிக்கையாளருக்குப் போடலாம் என்றார் நடுவர். ஒவ்வொரு கிடங்கும் தானே முடிவு செய்யட்டும் என்றார் இளையவர். மென்பொருளை நிறுவ வந்த இளைஞர்கள் மூவர் சொன்னதையும் எழுதிக்கொண்டு போனார்கள். மூவர் பயணம் புறப்பட்டால் தம்முள் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ள வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. அதைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த மூவர் நாங்கள். அந்தப் பயணத்தில் அதை மறந்தோம்.

இரண்டாவது, மென்பொருள் எங்கள் பழக்கம் ஒவ்வொன்றுக்கும் வளைய வேண்டும் என்று அடம்பிடித்தோம். எழுபதுக்கும் மேற்பட்ட மாற்றங்களைக் கேட்டோம். ஒவ்வொரு மாற்றமும் செலவு. ஒவ்வொன்றும் வேறெங்கோ ஒன்றை உடைத்தது. ஜெர்மனியின் லிடில் என்னும் பெரும் கடைத் தொடருக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2011-இல் தொடங்கிய எஸ்.ஏ.பி. திட்டத்தை 2018-இல் அந்நிறுவனம் கைவிட்டது. செலவு ஏறத்தாழ 50 கோடி யூரோ என்று செய்திகள் கூறின. சரக்கின் மதிப்பைக் கொள்முதல் விலையில் வைப்பது அவர்கள் பழக்கம்; விற்பனை விலையில் வைப்பது மென்பொருளின் இயல்பான அமைப்பு. பழக்கத்தை விட மனமின்றி மென்பொருளை மாற்றிக்கொண்டே போனது அத்தோல்விக்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களுள் ஒன்று.

மூன்றாவது, நாள் தேர்ந்தெடுத்ததில் தவறினோம். நிதியாண்டு தொடங்கும் நாள் என்பதால் 2023 ஏப்ரல் முதல் தேதியைக் குறித்தோம். அது ரமலானின் முதற்பத்து. பணியாளர்களில் பாதிப்பேர் நோன்பாளிகள். கணக்குப் பிரிவினரோ முந்தைய ஆண்டின் முடிவுக் கணக்கில் மூழ்கியிருந்தார்கள். அமெரிக்காவின் ஹெர்ஷி மிட்டாய் நிறுவனமும் இப்படித்தான் இடறியது. நான்காண்டு வேலையை இரண்டரை ஆண்டில் முடிக்க முனைந்து, 1999 ஜூலையில், மிட்டாய் மிகுதியாக விற்கும் ஹாலோவீன் பருவத்துக்கு வெகு அருகில், புதிய முறைக்கு மாறியது. கிடங்கில் சரக்கு இருந்தும் கடைகளுக்கு அனுப்ப முடியாமல் 10 கோடி டாலருக்கும் மேலான ஆர்டர்கள் தேங்கின. அங்கே மிட்டாய், இங்கே பிரேக் லைனிங். எங்கள் வாசலில் லாரிக்காரர்கள் நின்றார்கள், பில் வரவில்லை.

அரை செட்

இவையெல்லாம் பணத்தோடு போயிருக்கும். நான்காவது பிழை மனிதரைத் தொட்டது.

பழைய கணக்கிலிருந்த சரக்குப் பட்டியலை அப்படியே புதிய மென்பொருளில் ஏற்றினோம். ஒரே பொருள் நான்கு பெயர்களில் இருந்தது. சில பொருள்கள் கிலோவில், சில பெட்டியில், சில டஜனில் இருந்தன. "ஏற்றிவிட்டுப் பிறகு சரிசெய்வோம்" என்றோம். அந்தப் பிறகு வரவேயில்லை.

மூன்றாம் மாதம் நாமக்கல் கிடங்கில் ஒரு வகை பிரேக் லைனிங் குறைவதாகத் திரை காட்டியது. இருக்க வேண்டியது 740, அலமாரியில் இருப்பது 320, குறைவு 420. வேறு பொருள்களிலும் இத்தகைய குறைவுகள் தெரிந்தன. அக்கிடங்கின் பொறுப்பாளர் அத்தா காலத்திலிருந்து இருபத்திரண்டு ஆண்டுகளாக எங்களோடு இருப்பவர். நம் மார்க்கத்தவர் அல்லர். ஆனால் எங்கள் வீட்டின் எல்லா நல்லது கெட்டதிலும் முன்னால் நிற்பவர். அவரிடம் ஒரு சொல்லும் கேட்காமல் கிடங்குச் சாவியை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தோம். காரணம் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் அவருக்குப் புரியாதா? மறுநாளும் வழக்கம்போல எட்டரை மணிக்கு வந்தார். சாவி இல்லாததால் வாசலில் நின்று, புதியவர் வந்து திறக்கும்வரை காத்திருந்தார். அப்படியே பதினொரு நாள்.

பன்னிரண்டாம் நாள் எங்கள் தங்கையின் மகள் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். கல்லூரியில் வணிகவியல் படிப்பவள். குறைவுப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "மாமா, இது எட்டுத் துண்டு சேர்ந்தால்தானே ஒரு செட்? 420-ஐ எட்டால் வகுத்தால் ஐம்பத்திரண்டரை வருகிறதே. அரை செட்டை யார் எடுத்துப் போவார்கள்?" என்றாள்.

அன்று மாலைக்குள் உண்மை வெளிப்பட்டது. நூறு செட் வாங்கியதை, ஏட்டில் துண்டுக் கணக்கில் இருந்த காரணத்தால், மென்பொருள் 800 என்று வரவு வைத்தது. அறுபது செட் விற்றபோது 60 மட்டும் கழித்தது. மிச்சம் 740 என்றது. உண்மையில் இருக்க வேண்டியது நாற்பது செட், அதாவது 320 துண்டுகள். அலமாரியில் இருந்ததும் சரியாக அதுவே. ஒரு துண்டுகூடக் குறையவில்லை.

சந்தேகத்தைப் பெரிதும் தவிர்ந்துகொள்ளுமாறு ஹுஜுராத் அத்தியாயம் நம்மை எச்சரிக்கிறது. எத்தனை முறை ஓதியிருப்போம்! ஓர் இயந்திரத் திரையில் தெரிந்த எண்ணை நம்பினோம். இருபத்திரண்டு ஆண்டு நேர்மையை நம்பவில்லை.

அன்று மக்ரிப் தொழுதுவிட்டு மூவரும் காரில் நாமக்கல் புறப்பட்டோம். ஐம்பது கிலோமீட்டர் தூரமும் எவரும் பேசவில்லை. அவர் வீட்டு வாசலில் நின்று, செய்த தவற்றைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் எங்களை உள்ளே அழைத்து உட்கார வைத்தார். நெடுநேரம் கழித்து அவர் சொன்னது ஒன்றுதான்: "என்னைக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே தம்பி. கம்ப்யூட்டர்ல ஏத்தும்போதுகூட யாரும் என்னைக் கேக்கலையே."

அந்த ஆண்டு ஜகாத்தை எங்களால் திருத்தமாகக் கணக்கிட முடியவில்லை. மதிப்பைக் கூட்டி வைத்துக் கொடுத்தோம். அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.

பெரிய நிறுவனங்களும் இடறிய இடம்

பின்னர் படித்தபோது, இதே குழியில் விழுந்த மிகப் பெரிய நிறுவனம் ஒன்றைக் கண்டோம். அமெரிக்காவின் டார்கெட், 2013-இல் கனடாவில் கடைகளைத் திறந்தது. புதிய மென்பொருளில் பல்லாயிரம் பொருள்களின் விவரங்களை அவசர அவசரமாக ஏற்றினார்கள். நீளம் இருக்க வேண்டிய இடத்தில் அகலம், சென்டிமீட்டருக்குப் பதில் அங்குலம் என்று தகவல்கள் பிழையாயின. கிடங்குகள் நிரம்பி வழிய, கடை அலமாரிகள் வெறுமையாக நின்றன. 2015 ஜனவரியில் வெளியேறுவதாக அறிவித்து 133 கடைகளையும் மூடினார்கள்; 17,000-க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். தோல்விக்குக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் தவறான தகவல் அவற்றுள் முதல் வரிசையில் நிற்கிறது.

இரண்டாம் முயற்சி

2023 இறுதியில் மூவரும் உட்கார்ந்து மஷ்வரா செய்தோம். இம்முறை கிடங்குப் பொறுப்பாளரையும், பில் போடும் பெண்ணையும், ஓட்டுநர்களுள் மூத்தவரையும் உடன் அமர்த்திக்கொண்டோம். முடிவெடுக்கும் பொறுப்பை நடுச் சகோதரர் ஒருவரிடமே ஒப்படைத்தோம். கருத்து யாரும் சொல்லலாம், கட்டளை ஒருவருடையது. அவர் தம் வேலை நாளில் பாதியை இதற்கே ஒதுக்கினார். உரிமையாளர் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால், நிறுவ வருபவர்களும் பட்டும் படாமலுமே வேலை செய்வார்கள்.

கேட்டிருந்த எழுபது மாற்றங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, "இது சட்டத்துக்காகவா, வாடிக்கையாளருக்காகவா, நம் பழக்கத்துக்காகவா?" என்று கேட்டோம். பழக்கத்துக்காக மட்டுமே இருந்தவற்றை விட்டுவிட்டோம். ஒன்பது எஞ்சின.

2024 ஷஃபானில், அத்தாவின் வழக்கப்படி, மூன்று கிடங்குகளையும் கையால் எண்ணினோம். இம்முறை எண்ணிக்கையோடு, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே பெயர், ஒரே அளவு, ஒரே குறியீடு என்று தீர்த்து எழுதினோம். இவ்வேலைக்குத் தலைமை தாங்கியவர் நாமக்கல் பொறுப்பாளரே. சாவியைத் திருப்பித் தந்தபோது அவர் முதலில் வாங்க மறுத்ததையும், மூத்தவர் அவர் கையைப் பிடித்து வைத்ததையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. எந்தப் பொருள் செட்டாக வரும், எது உதிரியாகப் போகும் என்பது எந்த ஆவணத்திலும் இல்லை. அவர் நினைவில் இருந்தது. ஐந்து வாரங்களில் பட்டியல் நாலாயிரத்து அறுநூறிலிருந்து நாலாயிரத்து நூறாகச் சுருங்கியது.

பிறகு, தொழில் சற்று மந்தமாக இருக்கும் ஜூலையில், நாமக்கல் கிடங்கில் மட்டும் தொடங்கினோம். இரண்டு மாதம் பழைய நோட்டும் புதிய மென்பொருளும் சேர்ந்தே ஓடின. ஒவ்வொரு மாலையும் இரண்டையும் ஒத்துப் பார்த்தோம். இரட்டை வேலை என்று முணுமுணுப்பு எழுந்தது. அந்த மாதங்களுக்கு மேற்படி கொடுத்தோம். பயிற்சியை ஒரே நாளில் முடிக்கவில்லை. அவரவர் போடும் பில்லையே போட வைத்து, தவறு செய்ய விட்டு, மறுவாரம் மறுபடி கற்பித்தோம். திரையில் வரும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் எழுதிய தாள் ஒன்று ஒவ்வொரு மேசைக்கு அருகிலும் ஒட்டப்பட்டது. நாமக்கல்லில் கணக்கு நேரான பின்னரே சங்ககிரி. அதற்குப் பின்னரே சேலம். 2025 ஜனவரியில் மூன்றும் இணைந்தன, அல்ஹம்துலில்லாஹ்.

அஞ்சலகமும் திவானும்

அவ்வாண்டு ஆகஸ்டில் இந்திய அஞ்சல் துறை தன் புதிய மென்பொருளுக்கு மாறியதை நாங்கள் ஆர்வத்தோடு கவனித்தோம். நாடெங்கும் 1.65 லட்சம் அஞ்சலகங்கள், 23 வட்டங்கள். முதலில் கர்நாடக வட்டத்தில் மே, ஜூன் மாதங்களில் சோதித்து, கண்ட குறைகளைத் திருத்தி, வட்டம் வட்டமாக விரித்து, 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி நிறைவு செய்தார்கள். 4.6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குப் பயிற்சி, மறுபயிற்சி, நினைவூட்டல் என்று மூன்று நிலைகளில் கற்பித்தார்கள். மாறும் வேளையில் அலுவலகங்களில் ஒரு நாள் பரிவர்த்தனையை நிறுத்தி, முன்கூட்டியே மக்களுக்கும் அறிவித்தார்கள். முதல் நாள்களில் பல இடங்களில் வேகம் குறைந்து வரிசை நீண்டதும் உண்மை. எத்துணை ஆயத்தம் செய்தாலும் முதல் வாரம் நோகும். அந்த நோவைத் தாங்கும் பொறுமையையும் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இது புதிய காலத்துப் பாடமும் அன்று. உமர் (ரலி) அவர்கள் தோழர்களோடு ஆலோசித்து திவான் என்னும் பதிவேட்டு முறையை ஏற்படுத்தினார்கள். வென்ற நாடுகளின் வரிக் கணக்குகளோ நெடுங்காலம் பழைய மொழிகளிலேயே நீடித்தன. ஈராக்கில் பாரசீகம், சிரியாவில் கிரேக்கம். கலீஃபா அப்துல் மலிக் காலத்தில் அவற்றை அரபிக்கு மாற்றும் பணி தொடங்கியது. ஈராக்கில் ஏறத்தாழ 697, சிரியாவில் 700, எகிப்தில் 705-ஐ ஒட்டி, குராசானில் 742. ஒரே நாளில் எங்கும் மாற்றவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள்.

ஈராக்கில் அதைச் செய்தவர் ஸாலிஹ் இப்னு அப்துர் ரஹ்மான். பழைய பாரசீக எழுத்தரின் கீழ்ப் பணியாற்றி, இரு மொழியும் அறிந்தவர். அவரைத் தடுக்க நினைத்தவர், கணக்கில் வரும் பின்னங்களை அரபியில் எப்படி எழுதுவாய் என்று மடக்கியதாக வரலாற்றாசிரியர் பலாதுரி எழுதுகிறார். ஸாலிஹிடம் அதற்கு விடை இருந்தது. பழைய ஏட்டின் உள்ளிருந்து வந்தவர் அவர். இதைப் படித்தபோது எங்களுக்கு நாமக்கல் பொறுப்பாளரின் முகமே நினைவுக்கு வந்தது. அங்கே பின்னம், இங்கே அரை செட்.

உறவினருக்கு நாங்கள் சொன்னது

திருச்செங்கோட்டு உறவினருக்கு நாங்கள் எந்த மென்பொருளின் பெயரையும் சொல்லவில்லை. சில கேள்விகளை மட்டும் எழுதிக் கொடுத்தோம். இறுதி முடிவு யாருடையது? எந்தத் தொல்லை தீர்ந்தால் வெற்றி என்று சொல்வீர்கள். அதை எண்ணில் எழுதி வைத்தீர்களா? சரக்குப் பட்டியலைச் சரிபார்க்கப் போவது யார். அலுவலகத்தில் இருப்பவரா, கிடங்கில் இருப்பவரா? எந்தக் கிளையில் முதலில் சோதிப்பீர்கள்? எந்த மாதத்தில் தொழில் மந்தம்? ஆறு மாதம் இரட்டைச் செலவு வந்தால் தாங்குமா? அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இதுக்கே ஒரு மாசம் ஆகும் போல இருக்கே" என்றார். ஆகட்டும் என்றோம்.

2025 ரமலானுக்கு முன் மறுபடியும் கிடங்குகளைக் கையால் எண்ணினோம். மென்பொருளில் இருந்த நாலாயிரத்து நூறு பொருள்களில் முப்பத்தேழு மட்டுமே ஒத்துவரவில்லை. முப்பத்தேழுக்கும் காரணம் கண்டுபிடித்தோம். அவ்வாண்டு ஜகாத்தை ஐயமின்றிக் கணக்கிட்டோம். கையால் எண்ணுவதை இனியும் விடுவதாக இல்லை. திரை வேறு சொல்லி அலமாரி வேறு சொன்னால், முதலில் அலமாரிக்குப் பொறுப்பானவரிடம் போய்க் கேட்பது என்று உறுதி செய்துகொண்டிருக்கிறோம்.

நாமக்கல் பொறுப்பாளர் இன்னும் எட்டரை மணிக்கு வருகிறார். சாவி அவரிடம் இருக்கிறது.

வல்ல ரஹ்மான் நம் அனைவரின் வியாபாரத்திலும் பரக்கத் செய்வானாக. நம் கைக்குள் இருப்போரின் உரிமைகளையும் கண்ணியத்தையும் பேணும் நல்லருளைத் தருவானாக. அறியாமல் நாம் நோகடித்த உள்ளங்களை ஆற்றுவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.